இருமொழிப் பள்ளியும் உடற்கல்வியும்
மும்பைத் தமிழ்க் குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கல்வி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன நூலும் எழுதுகோலும் தேர்வுமே. உடலுக்கும் கல்வி உண்டு என்பதை ஏட்டளவில் மறுப்பவர் இல்லை; செயலளவில் ஏற்றவர் மிகச் சிலர். பள்ளியின் கால அட்டவணையில் ‘உடற்கல்வி’ என்னும் சொல் தவறாமல் இடம்பெறும். தேர்வு நெருங்கும் மாதத்தில் முதலில் பறிபோகும் பாடவேளையும் அதுவே. கணக்கு ஆசிரியர் கேட்பார். உடற்கல்வி ஆசிரியர் கொடுப்பார். மாணவர்கள் சன்னல் வழியே முற்றத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவர்.

இந்நிலை எல்லாப் பள்ளிகளுக்கும் பொது. ஆயினும், இரு மொழிகளும் இரு பண்பாடுகளும் ஒருங்கே வாழும் பள்ளியில் இவ்விழப்பு இரு மடங்காகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அத்தகைய பள்ளியில் விளையாட்டு நேரம் தசையையும் நரம்பையும் வளர்ப்பதோடு நிற்பதில்லை. வகுப்பறைச் சுவர்கள் பிரித்து வைத்த குழந்தைகள் ஒருவரையொருவர் காணும் நேரமும், அண்டை மொழியைக் கூச்சமின்றிப் பேசத் துணியும் நேரமும் அதுவே. இதற்குச் சான்றாக நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் போதும்.

மும்பையின் நிலை

தென்னாட்டிலிருந்து பம்பாய்க்குச் சென்ற தமிழர் எல்லோரும் ஒரே வழியில் சென்றவரல்லர். எழுத்தர், கணக்கர், தட்டெழுத்தர் முதலிய அலுவல்களை நாடிச் சென்றோர் பெரும்பாலும் மாட்டுங்காவில் குடியேறினர். தோல் பதனிடும் தொழிலையும் ஆலை வேலையையும் நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சென்றோர் தாராவியில் குடிசையிட்டனர். பின்னர்ச் செம்பூரிலும், அதனை அடுத்த டிராம்பேப் பகுதியிலும் தமிழர் பெருகினர். அணு ஆராய்ச்சி நிலையத்தின் அருகில் இருந்த ஜனதா காலனியிலிருந்து 1976இல் அகற்றப்பட்ட மக்கள் சீத்தா கேம்ப் என்னுமிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள்ளும் தமிழர் பலர்.

கல்வியும் இவ்வாறே பல வழிகளில் வளர்ந்தது. மாட்டுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. ஏழை மக்களின் குழந்தைகளுக்கு மாநகராட்சிப் பள்ளிகளே கதியாயின. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகிய எட்டு மொழிகளைப் பயிற்றுமொழியாகக் கொண்டு பள்ளிகளை நடத்தி வந்திருக்கிறது. இந்திய நகரங்களுள் இஃது அரிய செய்தி. தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் குழந்தை தமிழில் பாடம் படித்து, மராத்தியையும் கற்கிறது. 2020ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் எந்தப் பயிற்றுமொழிப் பள்ளியிலும் மராத்தி கற்பிக்கப்பட வேண்டும் என்று விதித்துவிட்டது.

ஒரே கட்டடத்தில் ஒரு மாடியில் மராத்திப் பள்ளியும், மற்றொரு மாடியில் தமிழ்ப் பள்ளியும், வேறொரு மாடியில் உருதுப் பள்ளியும் இயங்குவது மாநகராட்சிக் கல்வியில் புதுமையன்று. மணி ஒன்று, வாயில் ஒன்று, முற்றம் ஒன்று. ஆனால் வகுப்பில் உட்கார்ந்தபின் ஒருவர் பாடம் ஒருவருக்குக் கேளாது. அக்குழந்தைகள் கூடும் ஒரே இடம் முற்றம்தான். எனவே அப்பள்ளிகளை உண்மையில் இருமொழிப் பள்ளி என்று சொல்லத்தக்கதாக ஆக்குவது அம்முற்றமே எனலாம்.

உடற்கல்வி நமக்கு வந்த வழி

நம் பள்ளிகளில் உடற்கல்வி இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஒன்று, வெள்ளையர் ஆட்சியில் வந்த ‘டிரில்’. படையிலிருந்து ஓய்வு பெற்றவர் பலர் பள்ளிகளில் டிரில் மாஸ்டர்களாயினர். ஆங்கிலக் கட்டளை, நேரான வரிசை, அசையாத முகம் ஆகியவையே அன்றைய பயிற்சி. கட்டளையின் பொருள் மாணவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. கால் அசைந்தால் போதும். இந்நிலையை மாற்ற முயன்றவருள் ஒருவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். அவர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, உடற்கல்வி ஆசிரியர்க்கு முறையான பயிற்சி அளிப்பதில் நாட்டுக்கே வழிகாட்டிற்று. பம்பாய் மாகாணத்தில் அதே நோக்கத்துடன் காந்திவிலியில் 1938இல் அரசினர் உடற்பயிற்சி நிறுவனம் ஏற்பட்டது.

மற்றோர் ஊற்று நாட்டுப்புறத்தினது. மராட்டிய நாட்டில் தாலீம் எனப்பட்ட மற்களங்களும், பின்னர் வியாயாம் மந்திர் எனப்பட்ட உடற்பயிற்சிக் கூடங்களும் ஊர்தோறும் இருந்தன. அமராவதியில் 1914இல் தோன்றிய ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தைச் சேர்ந்த குழுவினர் 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது கபடி முதலிய நம் நாட்டு ஆட்டங்களை உலகினர் முன் ஆடிக் காட்டினர். தமிழ்நாட்டிலும் சிலம்பக் கூடங்கள் இருந்தன. ஊர்ப் பொட்டலில் சடுகுடு இருந்தது. ஞா. தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்னும் நூலில் அவ்வாட்டங்களைத் திரட்டி, ஆண்பிள்ளைகள் ஆடுவன, பெண்பிள்ளைகள் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன என்று வகுத்துக் கூறினார்.

மும்பையில் வாழும் தமிழ்க் குழந்தைக்கு இவ்விரு செல்வங்களும் உரியவை. மராட்டிய மண்ணின் வியாயாமமும் அதனுடையது. தாய்நாட்டின் விளையாட்டும் அதனுடையது. இரண்டையும் பள்ளி கொடுக்கிறதா என்பதே கேள்வி.

ஒரே ஆட்டம், இரண்டு பெயர்

இரு பண்பாட்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு வியப்பு உண்டாகும். வேறுபாட்டினும் ஒற்றுமையே மிகுதி.

சடுகுடுவை எடுத்துக்கொள்வோம். மராட்டியர் அதனை ஹுதுது என்றனர். வங்காளியர் ஹாடுடு என்றனர். ஆந்திரர் செடுகுடு என்றனர். விதிகள் ஒன்றாக்கப்பட்டபின் கபடி என்னும் பெயர் நிலைத்தது. பெயர் எதுவாயினும், மூச்சை விடாமல் பாடிக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் புகுந்து மீள வேண்டும் என்னும் உயிர்நிலை மாறவில்லை. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய போட்டியாக அது சேர்க்கப்பட்டது.

நம்மூர்க் கிளித்தட்டை மராட்டியர் ஆட்யா பாட்யா என்பர். கோடுகளைக் காப்பவர் கையில் படாமல் கடந்து சென்று திரும்புவதே இரண்டிலும் ஆட்டம். ஒற்றைக் காலால் தத்திச் சென்று பிறரைத் தொடும் நம் நொண்டியாட்டம் அங்கே லங்டி. இரு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. கிட்டிப்புள் அங்கே விட்டி தாண்டு. சிலம்பத்துக்கு அங்கே லாட்டி காட்டி உண்டு. கோலாட்டத்துக்கு ஈடாக லேஜிம் உண்டு. மரத்தண்டில் இரும்புச் சங்கிலியும் சிறு தகடுகளும் கோத்து, அசைக்கும்போதெல்லாம் ‘சல்’ என ஒலிக்கும் கருவி அது. நூறு குழந்தைகள் ஒரே தாளத்தில் லேஜிம் ஆட்டும் காட்சி மராட்டியப் பள்ளி விழாக்களின் அழகு.

மல்லகாம்பு இன்னும் சிறந்த எடுத்துக்காட்டு. மற்போர் வீரர் பயிற்சி பெறுவதற்காக நட்ட தூணில் ஏறிப் பலவகை நிலைகளைக் காட்டும் இக்கலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவதர் என்பார் புதுப்பித்தார் என்பர். அதே கலை தமிழ்நாட்டில் மல்லர் கம்பம் என்னும் பெயரால் விழுப்புரத்தில் செழித்திருக்கிறது. 2019இல் முதலாம் உலக மல்லகாம்புப் போட்டி நடந்தது மும்பைத் தாதரிலுள்ள சிவாஜி பூங்காவில். தாராவியிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் தாராவித் தமிழ்க் குழந்தைகளுள் எத்தனை பேர் அத்தூணைத் தொட்டுப் பார்த்திருப்பர்?

சொற்கள் செய்த பயணம்

ஆட்டங்கள் மட்டுமல்ல, ஆட்டச் சொற்களும் எல்லை கடந்திருக்கின்றன. தண்டால், பஸ்கி, குஸ்தி, கசரத்து என்று நாம் சொல்லும் சொற்களை எண்ணிப் பாருங்கள். இவை வடபுல மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்து நம்மோடு கலந்துவிட்டவை. தஞ்சையில் ஏறத்தாழ 180 ஆண்டுகள், 1855 வரை, மராட்டியர் மரபு நிலவிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

எதிர்த்திசைப் பயணம் இதனினும் சுவையானது. மராட்டியச் சிறுவர் விட்டி தாண்டு ஆடும்போது வழக்கமான ‘ஏக், தோன், தீன்’ என்னும் எண்களை விட்டுவிட்டு, ‘வகட், லேண்ட், முண்ட், நால்’ என்று எண்ணும் மரபு ஒன்று உண்டு. இவை மராத்தி எண்கள் அல்ல. தெலுங்கின் ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலு என்பவற்றோடும், நம் இரண்டு, மூன்று, நான்கு என்பவற்றோடும் வைத்துப் பாருங்கள். திராவிட எண்கள் மராட்டியச் சிறுவர் நாவில் உருமாறி உட்கார்ந்திருப்பது விளங்கும். பெரியோர் பேச்சிலிருந்து மறைந்தது, குழந்தைகளின் ஆட்டத்தில் வாழ்கிறது. அரசர் படையெடுத்து அதனைப் புகுத்தவில்லை. புலவர் ஏடெழுதிக் காக்கவுமில்லை. கிட்டியை அடித்துத் தொலைவை அளந்த சிறுவர்களே அதனைக் காத்தனர்.

இச்செய்தியை ஆறாம் வகுப்புத் தமிழ்ச் சிறுவனுக்கு ஓர் ஆசிரியர் சொன்னால் அவன் நெஞ்சில் என்ன நிகழும்? ‘இம்மண்ணில் நான் வேற்றான் அல்லேன், என் எண்ணும் இவர்கள் ஆட்டத்தில் இருக்கிறது’ என்று தோன்றாதா? மராட்டியச் சிறுவனுக்குச் சொன்னால், பக்கத்து மாடிப் பையன் பேசும் மொழி சிரிப்புக்குரியது அன்று என்று தோன்றாதா? ஒரு மணி நேரச் சொற்பொழிவு செய்யாததை அரை மணி நேரக் கிட்டிப்புள் செய்துவிடும்.

உடல்வழி மொழி

இனி, மொழி கற்றலுக்கும் உடற்கல்விக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். 1960களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆஷர் என்னும் உளவியல் பேராசிரியர் ஒரு முறையை ஆராய்ந்து வெளியிட்டார். குழந்தை தாய்மொழியை எவ்வாறு கற்கிறது? ‘வா’, ‘உட்கார்’, ‘அதை எடு’ என்று தாய் சொல்ல, குழந்தை செய்கிறது. பேசுவதற்கு நெடுநாள் முன்பே உடலால் விடையளிக்கிறது. இரண்டாம் மொழியையும் இவ்வாறே கட்டளை கேட்டு, உடலால் செய்து கற்பித்தால் சொல் நன்கு பதியும். அச்சமும் குறையும் என்பது அவர் கொள்கை.

இம்முறைக்கு உடற்கல்விப் பாடவேளையைக் காட்டினும் ஏற்ற இடம் எது? மராத்திப் பாட வகுப்பில் ‘தாவ்’ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கூறினால் அடுத்த வாரம் மறந்துபோகும். முற்றத்தில் ‘தாவ்!’ என்று கூவினால் குழந்தை ஓடும். தமிழில் தாவு என்றால் குதி. மராத்தியில் தாவ் என்றால் ஓடு. குதித்து நின்ற குழந்தையை மற்றக் குழந்தைகள் பார்த்துச் சிரிக்க, அதுவும் சேர்ந்து சிரித்துவிட்டு ஓடும். அச்சொல் இனி மறக்குமா? ‘தாம்ப்’ என்றால் நில், ‘பஸ்’ என்றால் உட்கார், ‘ஊட்’ என்றால் எழு, ‘உடீ மார்’ என்றால் குதி, ‘உஜ்வா’ என்றால் வலம், ‘டாவா’ என்றால் இடம். ஒரு திங்களில் ஐம்பது வினைச்சொற்களை வியர்வையோடு கற்றுவிடலாம்.

இது தமிழ்க் குழந்தைக்கு மட்டும் உரிய பாடமன்று. ஒரு நாள் தமிழ் மாணவன் கட்டளையிட மராத்தி மாணவர் ஆடட்டும். ‘ஓடு’, ‘நில்’, ‘குனி’, ‘நிமிர்’ என்னும் நான்கு சொற்களை அவர்கள் கற்றால் போதும். கட்டளையிட்ட சிறுவனின் நிமிர்வு வேறாகிவிடும். இன்று நிகழ்வது ஒருவழிப் போக்குவரத்து. தமிழ்க் குழந்தை மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கற்கிறது. அதன் மொழியை எவரும் கேட்பதில்லை. கேட்பாரற்ற மொழியைப் பேச அது நாணத் தொடங்குகிறது. நாணத் தொடங்கிய மொழியை அடுத்த தலைமுறை பேசாது. புலம்பெயர்ந்த தமிழர் எங்கும் கண்ட உண்மை இது.

இடம் எங்கே?

‘இவையெல்லாம் சரி, ஆட இடம் எங்கே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

1896இல் பம்பாயில் பெருங்கொள்ளை நோய் பரவியது. நெருக்கமான குடியிருப்பே நோய்க்குக் காரணம் என்று கருதி, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அரசினர் அமைத்தனர். அகன்ற தெருக்கள், மர நிழல், பூங்காக்கள் ஆகியவற்றோடு தாதர், மாட்டுங்காப் பகுதிகளை அது வகுத்தது. மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்கள் அத்திட்டத்தின் பயனே. அதற்கு ஒரு கூப்பிடு தூரத்தில் உள்ள தாராவியை அவ்வாறு வகுத்தவர் எவருமிலர். சதுப்பு நிலத்தை மக்கள் தாமே தூர்த்து வீடு கட்டினர். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். ஒருவர் நடந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில் குழந்தை எங்கே ஓடும்? ஆகவே மாட்டுங்காக் குழந்தைக்கு உடற்கல்விப் பாடவேளை பறிபோனால் மாலையில் தோட்டம் உண்டு. தாராவிக் குழந்தைக்கு அது பறிபோனால் அன்றைய ஓட்டமே பறிபோயிற்று.

5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது உடல் உழைப்புள்ள செயலில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தன் அட்டவணையில் விளையாட்டிடத்தையும், ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுக் கருவிகளையும் குறிப்பிடுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள பள்ளிக்கு உடற்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே விளையாட்டு சலுகையன்று, உரிமை.

இடக்குறைவுக்கு நம் முன்னோரின் ஆட்டங்களே விடை கூறுகின்றன. பெருங்கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. பரப்பு 7,140 சதுர மீட்டர். ஆடவர் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். பரப்பு 130 சதுர மீட்டர். ஒரு கால்பந்துக் களத்தில் ஏறத்தாழ 55 கபடிக் களங்கள் அடங்கும்! மகளிர் கபடிக்கு 12க்கு 8 மீட்டர் போதும். கோகோவுக்கு 27 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் வேண்டும், சிறுவர்க்குக் குறைத்துக்கொள்ளலாம். நொண்டிக்கோ ஒரு சுண்ணாம்புக் கோடு போதும். பந்து வேண்டா, மட்டை வேண்டா, காலணியும் வேண்டா. ஏழையின் இடத்துக்கும் பொருளுக்கும் ஏற்பப் பிறந்த ஆட்டங்கள் இவை. இவற்றைத் தாழ்வாக எண்ணுவார்க்கு ஒன்று கூறலாம்: 2025 ஜனவரியில் புது தில்லியில் நடந்த முதலாம் கோகோ உலகக் கோப்பையில் ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் இந்தியாவே வென்றது.

மும்பைக்கு மற்றோர் இடையூறு மழை. சூன் முதல் செப்டம்பர் வரை முற்றம் சேறாகிவிடும். அந்நான்கு மாதமும் தாழ்வாரத்தில் கும்மி, கோலாட்டம், லேஜிம், ஆசனம் ஆகியவற்றைப் பயிலலாம். மழையைக் காரணங்காட்டிப் பாடவேளையைக் கணக்குக்குத் தாரை வார்க்க வேண்டியதில்லை.

பெண் குழந்தைகள்

இடமில்லா ஊரில் இருக்கும் இடத்தையும் ஆண்பிள்ளைகளே கைப்பற்றிக்கொள்வர். பள்ளி விட்டதும் சிறுவன் தெருமுனைக்கு ஓடுவான். சிறுமி தண்ணீர் பிடிக்கவும் தம்பியைத் தூக்கவும் போவாள். அவளுக்குப் பள்ளி முற்றத்தை விட்டால் வேறு களம் இல்லை. ஆதலின் உடற்கல்வியைப் பறிப்பது ஆண்பிள்ளையைக் காட்டினும் பெண்பிள்ளைக்குச் செய்யும் பெருங்கேடு.

மராட்டியப் பெண்களிடம் புகடி என்னும் ஆட்டம் உண்டு. இருவர் கைகோத்துக் கால்களை நடுவில் நெருக்கி வைத்து, உடலைப் பின்சாய்த்து விரைந்து சுழல்வர். மங்களாகௌரி நோன்பின்போது முதிய பெண்களும் ஆடுவர். நம் பெண்களுக்குக் கும்மி உண்டு. புகடியில் ஒருத்தி கையை ஒருத்தி விட்டுவிட்டால் இருவரும் விழுவர். கும்மியில் ஒருத்தி அடி தவறினால் வட்டமே குலையும். தமிழ்ச் சிறுமியும் மராத்திச் சிறுமியும் கைகோத்துப் புகடி சுற்றுவதைவிட ஒற்றுமைக்கு வேறென்ன பாடம் வேண்டும்? இவற்றோடு நின்றுவிடாமல் கபடியும் கோகோவும் சிலம்பமும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டும். ‘பெண்ணுக்குக் கும்மி, ஆணுக்குச் சடுகுடு’ என்ற பழைய வரம்பு நமக்குத் தேவையில்லை.

எல்லோர்க்கும் உரிய களம்

இரு பண்பாடு என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். தாராவித் தமிழருள் இந்துக்களும் கிறித்தவரும் முஸ்லிம்களும் உளர்; அவ்வாறே மராட்டியருள்ளும் பல சமயத்தார் உளர். 2016 ஆகஸ்டில் மும்பை மாநகராட்சி மன்றம் தன் பள்ளிகளில் சூரிய நமஸ்காரத்தைக் கட்டாயமாக்கத் தீர்மானித்தபோது, அது சமயச் சார்புடையது என்று சில கட்சிகள் எதிர்த்தன; உடற்பயிற்சியே என்று மற்றவர் வாதித்தனர். இவ்வழக்கில் எப்பக்கம் நின்றாலும் ஓர் உண்மை விளங்கும். உடலின் அசைவுக்கும் பொருள் உண்டு. அப்பொருள் எல்லோர்க்கும் ஒன்றாக இராது. ஆதலின் ஆசிரியர், ஒரு பயிற்சியைப் புகுத்துமுன் அதன் பயனைக் கூறி விளக்க வேண்டும். மனம் ஒப்பாதார்க்கு அதே தசைகளை இயக்கும் வேறு பயிற்சியைத் தர வேண்டும்.

விழாக்கால ஆட்டங்களிலும் எச்சரிக்கை தேவை. நம் உறியடிக்கு இணையாக மும்பையில் தயிர்ப்பானை உடைக்கும் தஹி ஹண்டி நடைபெறுகிறது. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி அடுக்கடுக்காக நிற்பதும், உச்சியில் சிறு பிள்ளையை ஏற்றுவதும் அங்கே வழக்கம். விழுந்து காயமுற்றோரும் இறந்தோரும் உண்டு. 2014இல் மும்பை உயர்நீதிமன்றம் 18 வயது நிரம்பாதாரை விலக்கி, உயரத்தையும் 20 அடிக்குள் வரையறுத்தது. 2017இல் 14 வயதுக்கு உட்பட்டோர் பங்கேற்கலாகாது என்ற அளவில் விதி தளர்ந்தது. பண்பாடு என்னும் பெயரால் குழந்தையின் கழுத்தெலும்பைப் பணயம் வைக்க முடியாது. மரபிலிருந்து எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று ஆராயும் அறிவும் உடற்கல்வியின் ஒரு பகுதியே.

ஒரு பாடவேளையின் அமைப்பு

மேற்கூறியவற்றை 35 நிமிடப் பாடவேளையில் எவ்வாறு அடக்கலாம்? கீழ்வருவது ஒரு மாதிரி.

1. முதல் 5 நிமிடம்: வரிசையில் நிற்றல், உடலைச் சூடேற்றுதல். ஒரு வாரம் மராத்திக் கட்டளை, மறு வாரம் தமிழ்க் கட்டளை. கட்டளையிடுபவர் மாணவருள் ஒருவர். நாள்தோறும் ஆள் மாற வேண்டும்.

2. அடுத்த 8 நிமிடம்: தாளப் பயிற்சி. லேஜிம் அல்லது கோலாட்டம். கருவி இல்லையேல் கைத்தட்டு.

3. அடுத்த 15 நிமிடம்: ஆட்டம். கபடி, கிளித்தட்டு, நொண்டி, கோகோ என்று முறை வைத்து ஆடலாம். இரண்டு பள்ளிகள் ஒரே முற்றத்தில் இருப்பின், அணிகளை மொழிவாரியாகப் பிரிக்காமல் கலந்து அமைப்பது இன்றியமையாதது. ‘தமிழ் அணி, மராத்தி அணி’ என்று பிரித்தால் ஆட்டம் சண்டையாகும்.

4. அடுத்த 5 நிமிடம்: வட்டமாக உட்கார்ந்து அன்றைய ஆட்டத்தைச் சொல்லுதல். தமிழ்க் குழந்தை மராத்தியில் இரண்டு வாக்கியம், மராத்திக் குழந்தை தமிழில் இரண்டு சொல்.

5. கடைசி 2 நிமிடம்: மூச்சுப் பயிற்சி, அமைதி.

இதில் செலவு ஒன்றுமில்லை. வேண்டுவன ஒரு சுண்ணாம்புக் கட்டி, ஓர் ஊதுகுழல், மனமுள்ள ஓர் ஆசிரியர். மராட்டிய மாநிலப் பாடநூல் நிறுவனமாகிய பாலபாரதி தொடக்க வகுப்புகளுக்கென ‘கேளூ, கரூ, ஷிகூ’ என்றொரு நூல் வெளியிட்டிருக்கிறது. ‘விளையாடுவோம், செய்வோம், கற்போம்’ என்பது அதன் பொருள். கற்பதற்கு முன் விளையாட்டை வைத்த அப்பெயரே இம்முறைக்கு நல்ல அடிப்படை.

‘தமிழ்ப் பள்ளியில் தமிழ் விளையாட்டு மட்டும் போதும்’ என்று சிலர் கூறலாம். அவர்கள் குழந்தையை அது வாழும் ஊரிலிருந்து பிரிக்கின்றனர். ‘பழைய ஆட்டம் எதற்கு? கிரிக்கெட்டும் ஆங்கிலமும் இருந்தால் முன்னேறலாம்’ என்று வேறு சிலர் கூறலாம். அவர்கள் குழந்தையை அதன் வீட்டிலிருந்து பிரிக்கின்றனர். கிரிக்கெட் ஆடுவதில் குற்றமில்லை. ஆனால் மட்டை பிடித்த சில பேரே ஆட, மற்றவர் வேடிக்கை பார்ப்பதைப் பாடவேளை என்று சொல்ல முடியாது. கோகோவில் துரத்தும் அணியின் ஒன்பது பேருக்கும் வேலை உண்டு.

நம் கடமை

மாணவ நண்பர்களே! தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து பெற்றோர் பலர் தம் மக்களை ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றி வருகின்றனர். அவர்களைக் குறை கூறுவதால் பயனில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்னும் கவலை அவர்களுக்கு. ஆனால் பயிற்றுமொழி மாறினாலும் ஆட்டத்தின் மொழி மாற வேண்டியதில்லை. ஆங்கிலப் பள்ளி முற்றத்திலும் கிளித்தட்டு ஆடலாம். நொண்டிக்கு எந்தப் பயிற்றுமொழியும் தடையன்று. வகுப்பறையில் தமிழ் சுருங்கும் காலத்தில், அது மூச்சு விடுவதற்கு எஞ்சிய இடங்களுள் ஒன்று விளையாட்டுக் களம்.

நாம் செய்யத்தக்கது யாது? நம்மில் சிலம்பம் அறிந்தோர் உளர். கபடி ஆடுவோர் உளர். கோலாட்டம் பயின்ற மாணவியர் உளர். மாதம் இரண்டு சனிக்கிழமை, அருகிலுள்ள ஒரு பள்ளியின் தலைமையாசிரியரிடம் இசைவு பெற்று, அங்குள்ள உடற்கல்வி ஆசிரியரின் கீழ் நின்று உதவலாம். போகும்போது மராத்தி தோழர் ஒருவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். அவரும் ஓர் ஆட்டம் கற்பிப்பார். முதியோரிடம் அவர்கள் சிறுவயதில் ஆடிய ஆட்டங்களின் விதிகளைக் கேட்டு எழுதி வைக்கலாம். திருநெல்வேலியில் ஆடிய முறையும் தாராவிச் சந்தில் ஆடிய முறையும் வேறுபடும், அவ்வேறுபாடே ஆராய்ச்சிக்குரியது. நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் சொற்பொழிவுகளுக்கிடையே அரை மணி நேரம் முற்றத்தில் ஒரு கிளித்தட்டுக்கு ஒதுக்கலாம்.

தேர்வில் எழுதியதை மறந்துவிடுகிறோம். பத்து வயதில் ஆடிய ஆட்டத்தின் விதியை அறுபதிலும் மறப்பதில்லை. அவ்வளவு ஆழமாகப் பதியும் இடத்தில் இரண்டு மொழிகளும் சேர்ந்து பதிந்தால், அக்குழந்தைக்கு எந்த ஊரும் அயலூராகாது. முற்றத்தைக் காப்போம், பாடவேளையைக் காப்போம், அதில் ஒலிக்கும் மொழிகளும் காக்கப்படும்.